எங்கள் காண்ட்ராக்டர் அண்ணன்

உள்ள வந்துருங்க தம்பி, நனையாதீங்க. பேக்கு ஜிப்புத்தானுங்களா? கொடுங்க பாக்கலாம். பல்லு ரெண்டு பக்கமும் போயிருச்சுங்க, பிரிச்சுப்போட்டுப் புதுசாத்தான் வைக்கோணும். எங்க போகோணும், பல்லடமா? இந்த மழைக்கு பஸ்ஸு எங்க வரப்போகுது. உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாங்க, ஸ்டூல் இருக்குது பாருங்க, அதுல உக்காருங்க. கொஞ்சம் அக்கட்டால நகந்துக்குங்க, அந்த எடத்துல மட்டும் ஒழுகும்.

மேல பாக்கறீங்களா? வர்றவீங்க எல்லாருமே பாப்பாங்க. கல்யாண பேனருங்க. எங்க புள்ள கல்யாணத்துக்கு வச்சது. மொகமெல்லாம் கீழ பாக்கறாப்புல கட்டியிருக்கறேன். வெள்ளைப் பக்கம் மேல இருந்தா வெய்யில் கொஞ்சம் அடங்கும், அதுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல. சுத்தி இருக்கறதெல்லாம் எங்கூட வேலை செஞ்சவீங்க. நடுவுல சந்தனக் கலர் சட்டை போட்டுட்டு கையைக் கட்டி நிக்கறது நானுங்க. அப்பக் கொஞ்சம் சதை இருந்துச்சு. எழுத்தைப் படிங்களேன், பெருசாத்தான் இருக்குது. 'எங்கள் காண்ட்ராக்டர் அண்ணன் மருதாசலம் இல்லத் திருமண விழா.' காண்ட்ராக்டர்ங்கறது மட்டும் செகப்பு எழுத்து.

நானாக் கேட்டு வைக்கலீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். அவீங்களா ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவீங்கவீங்க போட்டோவைக் கொடுத்து, மண்டப வாசல்ல கட்டுனாங்க. இதைக் கோர்ட்டுல சொல்லலாம்னு பாத்தேன். நீங்களாக் கேட்டு வச்சீங்களான்னு யாரும் கேக்கலீங்க.

ஆமாங்க, கோர்ட்டுதான். இந்த பேனரோட போட்டோ கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துதுங்க.

கம்பெனி பேரு வேண்டாங்க. கேசு முடிஞ்சாலும் பேரைச் சொன்னா நோட்டீசு வரும்ங்கறாங்க. பனியன் கம்பெனிதான், இந்த ஊர்ல வேறென்ன இருக்குது. எங்க புள்ள பால்வாடிக்குப் போறப்ப அங்க டெய்லராச் சேந்தேன். அவ காலேஜ் முடிக்கற வரைக்கும் அதே ஓவர்லாக் மிஷின், அதே சன்னல். எடம் மாறவே இல்ல. ஒரு ஆயுத பூசை அன்னைக்கு, மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, பொரி கொடுத்து முடிஞ்சதும், முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாரு. உக்காருங்கன்னாரு. அதுக்கு முன்னால அவரு என்னை உக்காருன்னு சொன்னதில்லீங்க, இதுல உக்காருங்கன்னு வேற.

இனிமே நீங்க டெய்லர் இல்ல மருதாசலம், காண்ட்ராக்டர் அப்படின்னாரு. உங்க லைன்ல இருக்கறவீங்க சம்பளத்தையெல்லாம் சனிக்கெழமை உங்க கையில கொடுத்துருவேன், நீங்க பிரிச்சுக் கொடுத்துருங்க, ஆளு பத்தலீன்னா நீங்களே பாத்துக் கூட்டிட்டு வாங்க, அவ்வளவுதான்னாரு. அப்பறம் ஆபீஸ்ல இருந்து ஒரு சேரை எடுத்து என்ர மிஷின்கிட்டப் போடச் சொன்னாரு. சாஞ்சுக்கற சேரு. எந்தக் கம்பெனியில வேண்ணாலும் போயிப் பாருங்க, டெய்லருக்கு ஸ்டூல்தான். அந்த மாடியிலயே சேரு எனக்கு மட்டுந்தானுங்க.

சம்பளமா? அது டெய்லர் சம்பளமேதான். பீசுக்கு என்னமோ பைசாக் கணக்குல சேத்துக் கொடுத்தாரு, டீச் செலவுக்கு ஆச்சு. வேலையும் அதே வேலைதான், கழுத்துப்பட்டி ஏத்தறது, கை ஏத்தறது. சேர்ல சாஞ்சுட்டுத் தெக்க முடியாதுங்க, மிஷினுக்குக் குனியோணுமில்ல. அதனால ஸ்டூலைப் போட்டுத்தான் தெப்பேன். சேரு பக்கத்துல நிக்கும். சனிக்கெழமை சாயங்காலமானா மூஞ்சியைக் கழுவிட்டு, அதுல உக்காந்து சம்பளம் கொடுப்பேன். எல்லாரும் வரிசையா வந்து வாங்கிட்டுப் போவாங்க.

காண்ட்ராக்டர் அண்ணான்னு மொதல்ல கூப்பிட்டது வசந்தாமணி. எம் பக்கத்து மிஷின். பேனர்ல மூணாவது வரிசையில கடைசி, பூ வச்சுட்டுச் சிரிக்கறா பாருங்க. தண்ணி எறங்குதே, அந்த எடத்துல. கிண்டலுக்குத்தான் கூப்பிட்டாளோ என்னமோ, எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கும் புடிச்சிருந்துச்சு. புடிக்காம என்னங்க. எங்கப்பனை ஊர்ல ஏண்டா மாராங்கறதைத் தவிர வேற எப்பிடியும் யாரும் கூப்பிட்டதில்ல.

அந்தப் பேரு வந்ததுலதான் எங்க புள்ளைக்கும் நல்ல எடம் அமைஞ்சுதுங்க. சம்பந்தி காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வச்சிருக்கறாரு. சொந்த எடம், காரு, எல்லாம் இருக்குது. டெய்லர் வீட்டுல அவரு பொண்ணு எடுப்பாருங்களா? கல்யாணத் தரகரேதான் எங்கிட்ட, டெய்லர்னு சொல்லிராதீங்க, காண்ட்ராக்டர்னே சொல்லிக்கறேன்னாரு. பத்திரிகையிலயும் அப்பிடியே போட்டோம். கல்யாணத்தன்னைக்கு இந்த பேனரைக் கட்டுனாங்க. சம்பந்தி வாசல்ல எறங்குனவரு அண்ணாந்து பாத்துட்டு, ஏனுங்க சம்பந்தி, இவ்வளவு பேருங்களான்னாரு. எல்லாம் நம்ம ஆளுங்கதானுங்கன்னேன். அன்னைக்கு மாதிரி ஒரு நாளு எனக்கு அப்பறம் வரலீங்க.

அந்த வருசமேதான் சம்பளம் இழுக்க ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தாரு. அப்பறம் பாதி. அப்பறம் செலவுக்குன்னு கொஞ்சம். வெளிநாட்டு பையர் பணம் வரல, கப்பல் நிக்குது, தீவாளிக்கு மொத்தமாப் போட்டுர்லாம், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க காண்ட்ராக்டரேம்பாரு. நானும் எடுத்துச் சொல்லுவேன். நான் இருக்கறேன், எங்க போயிரும் உங்க காசும்பேன். எம் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து எல்லாரும் தெச்சாங்க. வசந்தாமணி மட்டும் கேட்டா, அவ பொண்ணு நர்சிங் படிச்சுட்டு இருந்தா, பீஸ் கட்டோணும்னு. தீவாளிக்கு வாங்கித் தர்றேன் போன்னேன்.

தீவாளி முடிஞ்சு திங்கக்கெழமை போறோம், கம்பெனி கேட்டைப் பூட்டியிருக்குது. ஞாயித்துக்கெழமையே லாரி வந்து மிஷினெல்லாம் ஏத்திட்டுப் போயிருச்சு. வாட்ச்மேன் கூட இல்ல. பசங்க பின்பக்கமா ஏறிப் போயிப் பாத்தாங்க. ஒரு அயர்ன் பாக்ஸு, கொஞ்சம் வேஸ்ட் துணி, அந்தச் சேரு, அவ்வளவுதான் கெடந்துச்சு. ஆளாளுக்கு ஒண்ணை எடுத்தாங்க. சேரை நான் எடுத்துக்கிட்டேன், அதா நிக்குது பாருங்க. என்ர சேருதானே.

கேசு போடலாம்னு ரோசனை சொன்னது வசந்தாமணிதான். ஒரு வக்கீலம்மாவைப் புடிச்சா. அவங்க நல்லவங்க. தனித்தனியாப் போட்டா ஆயுசு பத்தாது, எல்லாரும் சேந்து ஒரே கேசாப் போட்டுர்லாம், ஒருத்தருக்கு ஜெயிச்சா எல்லாருக்கும் ஜெயிச்ச மாதிரி, தோத்தாலும் அப்பிடித்தான்னாங்க. மொதக் கையெழுத்து நான் போட்டேனுங்க. அண்ணன் பேரு மேல இருக்கட்டும்னு அவீங்களே சொன்னாங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க. கம்பெனிக்காரன் என்ன பதில் போட்டிருந்தான்னா, இவங்க யாருமே எங்க ஆளுங்க இல்ல, காண்ட்ராக்டர் மருதாசலத்தோட ஆளுங்க, சம்பளம் பாக்கின்னா அவருகிட்டக் கேட்டுக்கட்டும்னு. வக்கீலம்மா படிச்சுச் சொல்றாங்க, வசந்தாமணி சிரிச்சுட்டா. ஏனுங்ணா, நீங்களா எனக்குச் சம்பளம் பாக்கி, சொல்லவே இல்லைங்கறா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள என்ன நெனைச்சேன்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியலீங்க. கம்பெனியே கோர்ட்டுல எழுதிக் கொடுத்துருக்குது, காண்ட்ராக்டர்னு. அது ஒரு பக்கம் இருந்துச்சு.

வக்கீலம்மா என்னைத் தனியா உக்கார வச்சுச் சொன்னாங்க. அண்ணா, கேசு முழுக்க உங்க ஒரு வார்த்தையில நிக்குது. கூண்டுல ஏறி, நான் டெய்லருங்க, இவங்களாட்டம் நானும் கூலிக்குத்தான் தெச்சேன், ஆபீஸ்ல கொடுத்ததை வாங்கிப் பிரிச்சுக் கொடுத்தேன், அதுக்கு மேல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லைன்னு சொல்லிருங்க. பொய் சொல்லச் சொல்லல, நடந்ததைத்தான் சொல்லச் சொல்றேன்னாங்க. சரீங்கம்மான்னேன். வீட்டுல வந்து சம்சாரத்துகிட்டக்கூட சொல்லிப் பாத்தேன், நான் டெய்லருங்க, நான் டெய்லருங்கன்னு. அவ சப்பாத்திக்கு மாவு பெசைஞ்சுட்டே, அதுக்கென்ன இப்பன்னா.

சரியாத்தான் இருந்துச்சுங்க எல்லாம். சம்பந்தி வராம இருந்திருந்தா.

அவரு எப்பிடியோ கேள்விப்பட்டு, கோர்ட்டுக்குப் போறப்பத் தனியாப் போகக்கூடாது சம்பந்தி, நானும் வர்றேன், நம்ம கார்லயே போயிர்லாம்னுட்டாரு. வேண்டாங்கன்னு எப்பிடிச் சொல்றது? பொண்ணைக் கொடுத்த எடம். காலையில வெள்ளை வேட்டி சட்டையோட வந்து நின்னுட்டாரு. எங்காளுங்க எல்லாம் டவுன் பஸ்ஸுல வந்தாங்க, நான் கார்ல போயி எறங்குனேன். அவீங்க எல்லாம் ஒரு பக்கம் உக்காந்தாங்க, இவரு மொத பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு. நான் கூண்டுல நின்னா நேரா அவரு மொகந்தான் தெரியுது.

எதிர் வக்கீலு சின்ன வயசுங்க. திட்டுவாரு, மெரட்டுவாருன்னு நெனைச்சுட்டுப் போனேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டாரு. காண்ட்ராக்டர் சார்னுதான் கூப்பிட்டாரு. சத்தியமெல்லாம் வாங்குனப்பறம், ஒரு போட்டோவை எடுத்து நீட்டுனாரு. இந்த பேனருதான், மண்டப வாசலோட.

"நடுவுல நிக்கறது நீங்கதானுங்களே சார்?"

"நாந்தானுங்க."

"மேல என்ன போட்டிருக்குது, கொஞ்சம் சத்தமாப் படிங்க."

படிச்சேனுங்க. நல்லா சத்தமாவே படிச்சேன்.

"இதை வச்சது யாரு?"

"இவீங்கதானுங்க. எங்கூட வேலை செஞ்சவீங்க."

"அப்ப அவங்க எழுதியிருக்கறது பொய்யா, உண்மையா?"

வக்கீலம்மா எந்திரிச்சு என்னமோ சொன்னாங்க. சட்டத்துல ஏதோ. என் காதுல விழுகலீங்க. வசந்தாமணி என்னையே பாத்துட்டு இருந்தா, சொல்லுங்ணாங்கற மாதிரி தலையைக் கூட ஆட்டுனா. இந்தப் பக்கம் சம்பந்தி. அந்த பேனரை அண்ணாந்து பாத்து, இவ்வளவு பேருங்களான்னு கேட்ட மனுசன். அவருக்கு முன்னால நின்னு, அது பொய்யிங்க, நான் வெறும் டெய்லருங்கன்னு சொல்லோணும். எங்க புள்ள அந்த வீட்டுல முழுகாம இருந்தா தம்பி அப்ப.

"உண்மைங்க"ன்னேன்.

"இவங்களுக்குச் சம்பளம் கொடுத்தது யாரு?"

"நாந்தானுங்க கொடுத்தேன்."

அவ்வளவுதானுங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. சத்தியம் பண்ணிப்போட்டு எப்பிடிங்க பொய் சொல்றது? பேனர் உண்மை. சம்பளம் என் கையிலதான் வாங்கினாங்க, அதுவும் உண்மை. அந்த வக்கீலு கேக்காமயே நான் ஒண்ணு சேத்துச் சொன்னேன், எனக்குத் தனியா சேரு போட்டிருந்தாங்கன்னு. அதையும் எழுதிக்கிட்டாங்க.

வெளிய வந்தோம். சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க, நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், நானா பேனர் வைக்கச் சொன்னேன்னு. எல்லாரும் பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடக்கறாங்க. வசந்தாமணி மட்டும் கார்கிட்ட வந்தா. சம்பந்தியைப் பாத்துக் கும்பிட்டா. என்னைப் பாத்து, புள்ளை நல்லா இருக்குதுங்ளாண்ணான்னு கேட்டா. இருக்குதுன்னேன். சரீங்ணான்னுட்டுப் போயிட்டா.

கார்ல வர்றப்ப சம்பந்திதான் ஓட்டிட்டு வந்தாரு. அப்பறம் சொல்றாரு, "ஏனுங்க சம்பந்தி, பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாலயே நான் உங்க கம்பெனிக்கு வந்து விசாரிச்சேனுங்க. மாடிப்படியில நின்னு பாத்தேன். நீங்க ஸ்டூல்ல உக்காந்து தலை நிமிராம தெச்சுட்டு இருந்தீங்க. இந்த மனுசன் வீட்டுல பொண்ணெடுக்கலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்." அப்பிடிங்கறாரு. பெரிய மனுசனில்லீங்களா, என் மனசு சங்கடப்படக்கூடாதுன்னு அப்பிடிச் சொல்றாரு. வேறென்ன இருக்கப்போகுது. அவராவது, மாடிப்படி ஏறி வந்து பாக்கறதாவது.

தீர்ப்பு வர்றதுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆச்சு. கம்பெனிக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்ல, காண்ட்ராக்டர்தான் சம்பளம் கொடுக்கோணும்னு ஆயிருச்சு. நான் கொடுக்கோணுமாமா. அதுல பாருங்க, மனுவுல மொதப் பேரு என்ரதுதானே, அப்ப எனக்கு வர வேண்டிய பாக்கியையும் நானேதான் எனக்குக் கொடுக்கோணும். வக்கீலம்மாகிட்ட இதைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. மேல போலாம், மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போனா இந்தத் தீர்ப்பு நிக்காதுன்னாங்க. கையெழுத்துப் போட யாரும் வரலீங்க. எத்தனை நாளைக்குத்தான் வேலையைக் கெடுத்துட்டு வருவாங்க. வசந்தாமணி பொண்ணு படிப்பை விட்டுட்டா. பாதியில. இப்ப பனியன்ல ஓட்டை, கறை பாக்கற செக்கிங் வேலைக்குப் போறா, அவங்கம்மா கூடவே, வேற கம்பெனி. காலையில இந்த வழியாத்தான் ரெண்டு பேரும் வேன் ஏறுவாங்க. நானும் பாப்பேன், அவீங்களும் பாப்பாங்க.

என்ன தோணுச்சுன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் தோணலீங்க. தீர்ப்பு வந்த அன்னைக்கும் இங்கதான் உக்காந்து ஒரு பேண்ட்டுக்குக் கால் மடிச்சுட்டு இருந்தேன். மடிச்சு முடிச்சேன். இப்பெல்லாம் ஊசி வெரல்ல ஏறினாக்கூடத் தெரியறதில்ல தம்பி, துணியில கறை பட்டாத்தான் தெரியும். முன்னயெல்லாம் அப்பிடி இல்ல. ஒரு சின்னக் குத்துக்கே கையை ஒதறுவேன், வசந்தாமணி தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுப்பா.

ஒண்ணே ஒண்ணுதானுங்க எனக்கு ஆத்தாமை. அதைச் சொல்லிப்போடறேன், ஜிப்பும் முடியப்போகுது. தீர்ப்புப்படி அவீங்க எம்மேல போகலாம். எம் மிஷினை எடுக்கலாம், வீட்டுப் பாத்திரத்தைக்கூட ஜப்தி பண்ணலாமாமா. வக்கீலம்மா எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் கேட்டிருக்கறாங்க, மருதாசலத்து மேல போறீங்களான்னு. நான் பயந்துட்டுத்தான் இருந்தேன். போனாலும் ஞாயம்னு வச்சுக்கங்களேன், காண்ட்ராக்டர்னு தீர்ப்பே ஆயிருச்சு. அப்பறம் வக்கீலம்மாவே போன் பண்ணி, யாரும் வேண்டாம்னுட்டாங்கண்ணா, நீங்க நிம்மதியா இருங்கன்னாங்க. ஏனுங்கம்மான்னேன். வசந்தாமணி எந்திரிச்சு என்ன சொன்னாளாமாத் தெரியுங்களா?

"அவரு டெய்லருங்க மேடம். நம்மளாட்டம் டெய்லரு. அவருகிட்டப் போயி என்னத்தை வாங்கறது."

பாருங்க. கோர்ட்டே சொல்லியாச்சு. ஜட்ஜய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. காண்ட்ராக்டர்னு மொதல்ல கூப்பிட்டவளே அவதான். அதுக்கப்பறமும் நாலு பேரு முன்னால என்னைப் போயி டெய்லருங்கறா. மத்தவங்களும் ஆமான்னு தலையாட்டியிருக்கறாங்க. அவீங்க எனக்கு நல்லதுதான் பண்ணுனாங்க, இல்லைங்கல. ஆனா அந்த வார்த்தையை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க.

அடடே, மேல விழுந்துருச்சா? சொன்னேனில்ல, அக்கட்டால உக்காருங்கன்னு. இந்தாங்க, தொடைச்சுக்குங்க. ஒரு ஒட்டுப் போட்டா நின்னுரும், தெக்கறவன் கூரையே ஒழுகறதான்னு வர்றவங்கெல்லாம் கேக்கறாங்க. துணியெல்லாம் வெட்டி வச்சுட்டேன். ரெண்டு தடவை ஸ்டூல் மேல ஏறி நின்னும் பாத்தாச்சு. ஓட்டை சரியா அவ மூஞ்சியில இருக்குதுங்க, கன்னத்துல. ஊசியைப் புடிச்சுட்டு நிக்கறேன், கை வரமாட்டேங்குது. எறங்கிட்டேன். ஒழுகிட்டுப் போகட்டும்.

இந்தாங்க பேக்கு. இழுத்துப் பாருங்க, நல்லா ஓடுதா? மழையும் விட்டிருச்சு, அங்க பாருங்க பல்லடம் பஸ்ஸு திரும்புது. எவ்வளவுங்களா? அட, டெய்லருக்கு என்ன கூலி கொடுப்பீங்களோ அதைக் கொடுங்க.